அம்மாவின் கார் கொதித்த கதை

தணிகாசலத்துக்குப் பெயரில் மட்டும்தான் தணிவு. கோபம் வந்துவிட்டால் எதிரே நிற்பது மகளா, மாவட்ட ஆட்சியரா என்று பார்க்க மாட்டார். ஆனால் தினமும் வருகிற கோபமில்லை அது. மாதக்கணக்கில் வராது. தெருக் குழந்தைகள் மேலே ஏறி விளையாடும் அளவுக்குச் சாதுவாக இருப்பார். திடீரென்று ஒருநாள் வரும். வந்தால் ஊரைக் கூட்டிவிட்டுத்தான் போகும்.

அரக்கோணத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரை ஓரமாக இருந்த ஒரு சின்னக் குடிலில் அவர் சீடராக இருந்தார். குருவின் பெயர் சௌந்தரவல்லி. எல்லோருக்கும் அம்மா. குருவுக்கு நாற்பத்தைந்து வயது, சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அம்மா முன்பு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். தணிகாசலம் பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குடிலுக்கு ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. யாரோ பக்தர் கொடுத்தது. அதற்கு அவர்தான் டிரைவர், அவர்தான் வைத்தியர்.

அந்தக் காருக்கும் அவருடைய குணமே வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை. பல நாள் ஒழுங்காக ஓடும். ஒருநாள் நடுரோட்டில் சூடு காட்டும் முள் சரசரவென்று ஏறி, முன்பக்கம் ஆவி கிளம்பிவிடும்.

ஆவி வந்தவுடன் தணிகாசலம் வண்டியை ஓரம் கட்டுவார். இறங்கி, முதல் வேலையாக முன்பக்கம் கட்டியிருக்கும் பேனரை அவிழ்ப்பார். அம்மா வெளியூர்களுக்குப் பேசப் போகும்போது மட்டும் அவர் கட்டுகிற பிளக்ஸ் பேனர் அது. இந்த விளக்கிலிருந்து அந்த விளக்கு வரைக்கும் இருக்கும். அதில் அம்மாவின் சிரித்த முகம். மேலே, ‘அன்னை வருகிறார்’. கீழே, ‘அன்னையின் பணியில், முன்னாள் பணிமனை ஃபோர்மேன் திரு. தணிகாசலம்’. அம்மாவின் பெயரை விடத் தன் பெயர் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும் என்று அச்சகத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கொஞ்சம் சின்னதாகத்தான் போட்டிருந்தார்கள்.

அம்மாவின் முகத்தில் வெந்நீர் தெறிக்கக் கூடாது. ஆகவே பேனரைச் சுருட்டி, வெள்ளைத் துண்டில் சுற்றி, டிக்கியில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் பானெட்டைத் திறப்பார். ஆறும் வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றுவார். அதற்குப் பிறகு வண்டி பரம சாதுவாக ஓடும். வீடு வந்து சேரும் வரை முள் அசையாது.

அவர் பார்க்காத வைத்தியமில்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றி உப்புப் போகக் கழுவினார். ஹோஸ், ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாகப் புதிதாய்ப் போட்டார். கடைசியில் தன் கௌரவத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, டவுனில் பட்டறை வைத்திருக்கும் அன்வரிடம் கொண்டுபோய் விட்டார். அன்வர் வண்டியை ஓட்டிப் பார்த்தார், நிறுத்திப் பார்த்தார், மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்.

“அண்ணே, வண்டி நல்லாத்தான் கீது.”

“நல்லாருந்தா ஏன்யா கொதிக்குது?”

“எங்கிட்ட கொதிக்கலியே.”

“அப்ப நான் பொய் சொல்றேனா? முப்பது வருஷம் ஃபோர்மேனா இருந்தவன்கிட்ட வந்து கதை சொல்றியா நீ?” என்று தணிகாசலம் போட்ட கூச்சலில், எதிர்ப்பட்டறைக்காரர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

இதற்குள் பக்தர்கள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். அம்மா ஏறினால்தான் வண்டி கொதிக்கிறது. காய்கறிக்குப் போனால் கொதிப்பதில்லை. அப்படியென்றால் அது அம்மாவின் தவச் சூடு. பேசி முடித்துத் திரும்பும்போது ஏன் கொதிப்பதில்லை என்றால், அருளையெல்லாம் ஊராருக்குக் கொடுத்துவிட்டு வருகிறார் அல்லவா? இரண்டு மூன்று ஊர்களில் ஜனங்கள் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டார்கள். தணிகாசலமும் பாதி நம்பினார். தன் கைக்குப் பிடிபடாத கோளாறு தெய்வீகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

ஒருநாள் காலை, அம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தணிகாசலம் வந்து நின்றார். உட்காரவில்லை.

“என்ன ஐயா?”

“மாப்பிள்ளை போன் பண்ணாரும்மா.”

அம்மா கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அந்த வீட்டிலிருந்து போன் வந்து வருஷக்கணக்காகிறது என்பது அவருக்குத் தெரியும்.

தணிகாசலத்துக்கு வசுமதி ஒரே பெண். அவள் கல்யாண வரவேற்பில், மைக் பிடித்தவரிடம் தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ‘முன்னாள் பணிமனை ஃபோர்மேன் திரு. தணிகாசலம் அவர்கள்’. அந்த ஆள் மறந்துபோய், “பெண்ணோட அப்பா மேடைக்கு வாங்க” என்று கூப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான். மைக் உடைந்தது. சம்பந்தியை அவர் பேசிய பேச்சில் பந்தியில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். வசுமதி மணமேடையிலேயே அழுதாள். அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் பேசவில்லை. மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, தணிகாசலம் குடிலே கதியென்று வந்துவிட்டார்.

“பேரனுக்குக் காதுகுத்தாம். ஞாயித்துக்கிழமை. வசுவுக்கு அண்ணன் தம்பி கிடையாது இல்ல? தாய்மாமனுக்குப் பதிலா, கொழந்தைய எங்கப்பா மடியிலதான் உக்கார வைக்கணும்னு சொல்றாளாம்.”

“நல்ல சேதிதானே?”

“ஒண்ணே ஒண்ணு சொல்லி அனுப்பியிருக்காம்மா. வரட்டும், ஆனா கத்தக் கூடாதுன்னு.” அவர் குரல் இறங்கிப்போனது. “மாட்டேன்னு என்னால எப்படிம்மா சொல்ல முடியும்? இந்தக் கோபம் சொல்லிக்கிட்டா வருது? வராத நாள்ல நான் நல்ல மனுஷன். வர்ற நாள்ல எனக்கே என்னைத் தெரியல. அன்னிக்கு வந்துச்சுன்னா, என் பொண்ணை இன்னொரு தடவை நான் பார்க்கவே முடியாது. ஏம்மா வருது? எப்படி நிறுத்தறது?”

அம்மா கீரையை மறுபடியும் கையில் எடுத்தார். பிறகு கேட்டார்: “வண்டி எப்ப கொதிக்குது ஐயா?”

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. மனுஷன் உயிர் போகிற சங்கதியைச் சொன்னால் வண்டியைப் பற்றிக் கேட்கிறாரே! ஆனாலும் குரு கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

“ஏத்தத்துல கொதிக்கும்.”

“சோளிங்கர்லேர்ந்து திரும்பினப்ப, மேட்டுல சமதரை மாதிரி ஓடுச்சே?”

“அன்னிக்கு மழைத் தூறல். வெயில்லதான் கொதிக்கும்னு வெச்சுக்குங்க.”

“சித்திரை வெயில்ல சந்தைக்குப் போயிட்டு வந்தீங்களே?”

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். கொஞ்சம் தயங்கி, “நீங்க ஏறினாத்தான் கொதிக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. தவச் சூடாம்” என்றார்.

அம்மா சிரித்துவிட்டார். “எனக்குச் சளி பிடிச்சு, போர்வையைப் போத்திக்கிட்டு வந்த அன்னிக்கும்தானே கொதிச்சுது? ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க இப்படித்தான். ராத்திரியெல்லாம் பிள்ளைக்கு அனலா கொதிக்குதும்பாங்க. தொட்டுப் பார்த்தா ஜில்லுன்னு இருக்கும். நல்லா துடைச்சு, பவுடர் போட்டு, புதுச் சட்டை மாட்டிக் கூட்டியாந்திருப்பாங்க. ஜுரம் அடிக்கும்போது அப்படியே தூக்கியாங்கன்னு திருப்பி அனுப்புவோம்.”

“அதுக்கு?”

“நாளைக்கு மேல்மாந்தூர் போறோம் இல்ல? அன்வரைப் பின்னாலயே பைக்ல வரச் சொல்லியிருக்கேன். வண்டி கொதிச்சா ஓரம் கட்டி ஆஃப் பண்ணுங்க. அவர் வர்ற வரைக்கும் நீங்க எதையும் தொடக் கூடாது.”

“தண்ணிகூட ஊத்தாம எப்படிம்மா?”

“ஒண்ணும் தொடக் கூடாது ஐயா. சும்மா நிக்கணும்.”

மறுநாள் தணிகாசலம் வண்டியைத் துடைத்தார், தண்ணீர் பார்த்தார், சந்தனம் வைத்தார், பேனரைக் கட்டினார். கிளம்பினார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் அன்வரின் பைக் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

மேல்மாந்தூர் ஏற்றம் வருவதற்கு முன்பே முள் எழுந்தது. தணிகாசலம் அம்மாவைப் பார்த்தார். அம்மா வெளியே ஆடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். புளியமரங்கள் முடிகிற இடத்தில் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. தணிகாசலம் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினார்.

இறங்கியதும் அவருடைய கைகள் தானாகவே பேனர் கயிற்றுக்குப் போயின.

“ஐயா” என்றார் அம்மா.

கைகளை இழுத்துக்கொண்டார். வாழ்நாளில் ஒரு வண்டி முன்னால் அவர் இப்படிச் சும்மா நின்றதில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். பானெட் இடுக்கில் கொதிநீர் கசிந்து பேனரில் வழிந்தது.

“அம்மா, உங்க மொகத்துல வெந்நீர் வழியுதும்மா!”

“எனக்குச் சுடலை. நில்லுங்க.”

அன்வர் வந்து பைக்கை நிறுத்தினார். பால் கேன்களோடு வந்த இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அன்வர் நேராக பானெட்டைத் திறக்கப் போவார் என்று தணிகாசலம் எதிர்பார்த்தார். அன்வர் திறக்கவில்லை. வண்டிக்கு முன்னால் வந்து, அசையாமல் நின்று பார்த்தார்.

“இன்னாண்ணே இது?”

“பார்த்தா தெரியல? அம்மா படம்.”

“அது தெரியுதுண்ணே. பட்டறைக்கு வந்தப்ப நான் இதைப் பார்த்ததே இல்லியே?”

“அங்க எப்படி இருக்கும்? பட்டறைக்கு வர்றதுக்கு முன்னாடி கழட்டிருவேன். கிரீஸ் கை படக் கூடாதுன்னு.”

“ரோட்ல நின்னா?”

“நின்னாலும் மொதல்ல அதைத்தான் கழட்டுவேன். வெந்நீர் படக் கூடாதுன்னு. அப்புறம் கட்டறதில்ல.”

“திரும்பி வரும்போது கட்டுவீங்களா?”

“எதுக்கு? ஊருக்குள்ள போகும்போதுதானே ‘அன்னை வருகிறார்’.”

அன்வர் பேனருக்கும் கிரில்லுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். உள்ளங்கை நுழையவில்லை. அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. “அண்ணே, ரேடியேட்டரோட மூக்கையும் வாயையும் பொத்திட்டு, ஏன் மூச்சு வாங்குதுன்னு கேக்கறீங்களே. காத்து எந்த வழியாண்ணே போவும்?”

பால்காரர்கள் சிரித்தார்கள்.

தணிகாசலம் அந்தக் கணத்தில் எல்லாவற்றையும் கண்டார். ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றை அவிழ்க்காமல் பஸ்ஸை எடுத்த டிரைவர்களை, காற்றை அடைக்கிறாயே படுபாவி என்று டிப்போ வாசல் வரை துரத்தித் துரத்தித் திட்டியவர் அவர். அவமானம் வயிற்றிலிருந்து கிளம்பியது. நெஞ்சுக்கு வருவதற்குள் அது கோபமாகிவிட்டது. காது மடல் எரிந்தது.

“டேய், யாரைப் பார்த்துச் சிரிக்கிற? நான் யாருன்னு தெரியுமா? முப்பது வருஷம் ஃபோர்…”

அந்தச் சொல் அவருக்கு நேர் எதிரே, வண்டி முகத்தில், பெரிய எழுத்தில் இருந்தது. அதன் மேல் வெந்நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தணிகாசலம் வாயை மூடிக்கொண்டார்.

அன்வரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பால்காரர்கள் தங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு நழுவினார்கள்.

“இப்ப வந்துச்சா ஐயா?” என்று அம்மா கேட்டார்.

“வந்துச்சும்மா.”

“எப்ப வந்துச்சு?”

அன்வர் சிரித்தபோது என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா இரண்டாம் முறை கேட்கவில்லை.

அன்வர் கயிறுகளை அவிழ்த்து, பேனரைத் தன் கிரீஸ் கையாலேயே சுருட்டி டிக்கியில் போட்டார். வண்டி ஆறியது. தண்ணீர் ஊற்றிக் கிளம்பினார்கள். மேல்மாந்தூர் ஏற்றம் முழுக்க முள் நடுவிலேயே நின்றது. அந்த ஊர் ஜனங்கள் வந்து பானெட்டைத் தொட்டுப் பார்த்து, இந்தத் தடவை சூடே இல்லையே என்று கொஞ்சம் ஏமாந்து போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தணிகாசலம் புறப்பட்டு வந்தார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. தோளில், பணி நிறைவு விழாவில் டிப்போவில் போர்த்திய பொன்னாடை. பெட்டியிலிருந்து எடுத்து, மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். அம்மாவைக் கும்பிட்டார்.

“போயிட்டு வரேன். பயமா இருக்கும்மா.”

“வண்டி முன்னாடி ஏதாவது கட்டியிருக்கீங்களா?”

“இல்லம்மா. டிக்கியில இருந்ததைக்கூட எடுத்து வெச்சுட்டேன்.”

அம்மா அவரையே பார்த்தார். பிறகு தோளைக் காட்டி, “வெயில் காலம் ஐயா. இதையும் வெச்சிட்டுப் போங்க. காத்து வரட்டும்” என்றார்.

தணிகாசலம் தன் தோளைத் திரும்பிப் பார்த்தார். பொன்னாடையை எடுத்து, மடித்து, பெஞ்சின் மேல் வைத்தார். அது இல்லாமல் தோள் வெறிச்சென்று இருந்தது. போய் வண்டியை எடுத்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தார். வேட்டியில் சந்தனம், குங்குமம், குழந்தை மூத்திரம் எல்லாம் இருந்தன. அம்மா செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“கொதிச்சுதா?”

“வண்டியையா கேக்கறீங்க, என்னையா?”

“ரெண்டையும்தான்.”

“வண்டி கொதிக்கல.” தணிகாசலம் தரையில் உட்கார்ந்தார். “மைக்குல கூப்பிட்டாங்கம்மா. ‘கொழந்தையோட தாத்தா யாருப்பா, சீக்கிரம் வாங்க’ன்னு. பேருகூடச் சொல்லல. காது சூடாச்சு. எழுந்து நின்னுட்டேன். வசு தூரத்துலேர்ந்து என் மொகத்தையே பார்க்கறா. அவ மொகம் வெளுத்துப் போச்சு. சம்பந்தி நாற்காலியை விட்டு எழுந்துக்கறாரு.”

“நீங்க?”

“கை தானா தோளுக்குப் போச்சு. தொட்டுப் பார்த்தேன். அங்க ஒண்ணும் இல்ல. அப்புறம்… தாத்தான்னு கூப்பிடறாங்க, நான்தானே தாத்தா? போய் உக்காந்துட்டேன்.”

அம்மா குடத்தைக் கீழே வைத்தார்.

“மடியில வெச்சாங்கம்மா. குத்தினதும் பையன் கத்தினான் பாருங்க, அப்படியே என் தொண்டை. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வசு பக்கத்துல வந்து குனிஞ்சு, பிள்ளையைத் தூக்கறதுக்கு முன்னாடி, ‘வலிச்சுதாப்பா’ன்னு கேட்டா. அவனைக் கேக்கறான்னு நெனச்சேன். என்னைத்தாம்மா கேட்டா. அவன் காலால என் வயித்துல உதைச்சிருந்தான்.”

தணிகாசலம் தோளில் துண்டைத் தேடினார். மேல்துண்டு இல்லாததால் சட்டைக் கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா அவர் அழுது முடிக்கட்டும் என்று செடிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்: “அப்ப, இனிமே வரவே வராதாம்மா?”

“வரும் ஐயா.”

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார்.

“வந்தா, உடனே பானெட்டைத் திறக்காதீங்க” என்றார் அம்மா. “முன்னாடி வந்து நின்னு பாருங்க.”